சம்பள நாளன்று டாட்டூ கடைக்குப் போகாதீர்கள்

அமெரிக்க ராணுவத்தில் மாதம் இரண்டு முறை சம்பளம்: 1-ஆம் தேதியும் 15-ஆம் தேதியும். ஜெர்மனியில் கைசர்ஸ்லாட்டர்ன் பக்கம் முகாம் வாசல்களை ஒட்டிக் கடை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு அத்துப்படி. அந்த வார இறுதியில் இளம் சிப்பாய்கள் இரண்டு பியர் உள்ளே போனதும் கும்பலாக டாட்டூ போடக் கிளம்புவார்கள். சில நாள் கழித்து அதில் ஒருவனாவது வீங்கிய கையோடு 'சிக் கால்' என்ற நோயாளிகள் பார்வை நேரத்தில் என் முன்னால் நிற்பான். நான் மெடிக், அதாவது ராணுவ மருத்துவ உதவியாளன். குடியுரிமை இல்லாதவர்களில் தமிழ் தெரிந்தவர்களையும் சேர்த்துக்கொண்ட மாவ்னி திட்டத்தில் ராணுவத்துக்கு வந்தவன். "அண்ணா, இங்கே எந்தக் கடையை நம்பலாம்?" என்று கேட்கும் நம் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

வெளிநாட்டில் இருக்கும் சிப்பாய்க்கு எல்லாமே அவசரம். அடுத்த மாதம் பயிற்சி, அதற்கடுத்த மாதம் டிப்ளாய்மென்ட், அப்புறம் இடமாற்றம். மோசமான கடை இந்த அவசரத்தை வைத்துத்தான் பிழைக்கிறது. அதனால் உங்களைக் காக்கவைக்கும் கடையாகப் பாருங்கள். முதல் நாள் பேச மட்டும் வரச் சொல்வார்கள், முன்பணம் வாங்கிக்கொண்டு சில வாரம் தள்ளித் தேதி கொடுப்பார்கள், குடித்துவிட்டு வந்தால் திருப்பி அனுப்புவார்கள். அதற்கும் முன்னால், சிப்பாய்கள் போகக் கூடாத இடங்கள் என்று ராணுவம் வெளியிடும் 'ஆஃப் லிமிட்ஸ்' பட்டியலில் அந்தக் கடை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பாரக்ஸ் அறையில் ஆன்லைனில் வாங்கிய மெஷினை வைத்துக்கொண்டு "சும்மா போட்டுவிடுகிறேன்" என்பானே ஒருவன், அவனைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

ஜெர்மனி என்றால் எல்லாவற்றுக்கும் ஒரு சான்றிதழ் இருக்கும் என்று நினைப்போம். டாட்டூ விஷயத்தில் அப்படி இல்லை. இங்கே இதற்கென்று கட்டாயப் படிப்போ தேர்வோ கிடையாது. தொழிலைப் பதிவு செய்துவிட்டு யார் வேண்டுமானாலும் தொடங்கலாம். கெசுண்ட்ஹைட்ஸ்ஆம்ட் என்ற சுகாதார அலுவலகம் சோதனைக்கு வரலாம், அவ்வளவுதான். அதனால் சுவரில் சட்டம் போட்டு மாட்டிய சான்றிதழ்களைப் பார்த்து மயங்க வேண்டாம், மேஜையைப் பாருங்கள்.

ஊசி ஒரு முறை மட்டும் பயன்படுத்தும் கார்ட்ரிட்ஜாக இருக்க வேண்டும். ஒட்டிய உறையை உங்கள் கண் முன்னால் பிரிக்க வேண்டும். உறையில் தொகுதி (லாட்) எண்ணும் காலாவதித் தேதியும் இருக்கும், வாங்கிப் படியுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டால் அதுவே உங்களுக்குப் பதில். மெஷின், ஒயர், தண்ணீர் பாட்டில் எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் உறை போட்டிருக்க வேண்டும். எஃகுப் பிடிகளைக் கழுவி மறுபடி பயன்படுத்தும் கடை என்றால் நீராவியில் கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவ் இருக்க வேண்டும், அது சரியாகக் கொல்கிறதா என்று பார்க்கும் ஸ்போர் சோதனையின் பதிவைக் காட்டச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் விட நான் கவனிப்பது கையுறையைத்தான். வேலை நடுவில் போன் அடித்தால் அதே கையுறையோடு எடுக்கிறாரா? எடுத்தால் நீங்களும் எழுந்துவிடலாம். ரத்தம் வழியே பரவும் ஹெபடைடிஸ் பி-க்கு ராணுவம் உங்களுக்கு ஊசி போட்டிருக்கும். சி-க்குத் தடுப்பூசியே இல்லை.

அடுத்தது மை. கடை பளபளவென்று இருந்தாலும் மையில் கிருமி இருந்தால் போச்சு. 2011 கடைசியில் நியூயார்க் மாநிலம் ராச்செஸ்டரில் பலருக்குத் தோல் தொற்று வந்தது. காரணம், முன்கூட்டியே கலந்து விற்ற சாம்பல் நிற மையில் இருந்த மைகோபாக்டீரியம் என்ற கிருமி. எனவே மையை நீர்க்கவைக்கக் குழாய்த் தண்ணீரை எடுப்பவரிடம் கை நீட்டாதீர்கள், கிருமி நீக்கிய ஸ்டெரைல் தண்ணீர்தான் சரி. இந்த விஷயத்தில் ஐரோப்பாவில் ஒரு வசதி உண்டு. 2022 ஜனவரி 4 முதல் டாட்டூ மையில் ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்களுக்குக் கட்டுப்பாடு வந்துவிட்டது. ஓர் ஆண்டு கழித்து நீலம் 15:3, பச்சை 7 என்ற இரண்டு நிறமிகளும் அதில் சேர்ந்தன. பாட்டிலிலேயே 'டாட்டூவுக்கான கலவை' என்று ஜெர்மன் மொழியில் அச்சிட்டு, தொகுதி எண்ணும் உட்பொருள் பட்டியலும் போட்டிருக்க வேண்டும். "பழைய ஸ்டாக், நிறம் நன்றாக வரும்" என்று ஒருவர் கண்ணடித்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

கலைஞரின் கைத்திறனை இன்ஸ்டாகிராமில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அன்றைக்குப் போட்ட டாட்டூ எல்லாமே அழகுதான். ஆறி ஓர் ஆண்டு ஆன படத்தைக் கேளுங்கள், அதுவும் நம்மைப் போன்ற மாநிறத் தோலில் போட்டதை. இங்குள்ள பலருக்கு வெள்ளைத் தோலில்தான் பழக்கம். நம் தோலில் நிறம் ஏறவில்லை என்று நினைத்து ஊசியை ஆழமாக அழுத்துவார்கள், அது தழும்பாகிவிடும். உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ தழும்பு புடைத்து வளரும் கெலாய்டு வரும் உடம்பு என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மஞ்சளும் வெளிர் நிறங்களும் நம்மிடம் அவ்வளவாக எடுக்காது. அதை முகத்துக்கு நேராகச் சொல்லும் ஆள் கிடைத்தால் விடாதீர்கள்.

அம்மா பெயரைத் தமிழில் போட ஆசையா? தாராளமாகப் போடுங்கள், ஆனால் எழுத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு இருந்துவிடாதீர்கள். சில டிசைன் மென்பொருள்கள் கொம்பையும் காலையும் இடம் மாற்றி வைத்துவிடும். 'கொ' பிய்ந்துபோய் நிற்பது அந்த ஜெர்மன்காரருக்கு எப்படித் தெரியும்? காகிதத்தில் நீங்களே எழுதிக் கொடுங்கள், அல்லது படமாக்கிக் கொடுங்கள். ஸ்டென்சில் ஒட்டியதும் கண்ணாடியில் பார்க்காமல் போனில் படமெடுத்துப் படியுங்கள். ண, ஞ போன்ற சுழி எழுத்துகளைச் சின்னதாகப் போட்டால் சில ஆண்டுகளில் மை பரவிச் சுழி அடைந்துவிடும். பெரிதாகப் போடச் சொல்லுங்கள்.

ராணுவ விதி ஜெர்மன் கலைஞருக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை, உங்களுக்குத் தெரிய வேண்டும். 2022 ஜூனில் தளர்த்திய பிறகு மணிக்கட்டுக்குக் கீழே ஒவ்வொரு கையிலும் ஓர் அங்குலத்துக்குள் ஒன்று, பின்கழுத்தில் இரண்டு அங்குலத்துக்குள் ஒன்று, காதுக்குப் பின்னால் ஓர் அங்குலத்துக்குள் ஒன்று போடலாம். முகத்தில் கூடாது. இது தரைப்படைக் கணக்கு. ஏர்ஃபோர்ஸில் இருப்பவர்கள் தங்கள் விதியைத் தனியாகப் பாருங்கள். தப்பாகப் போட்டுவிட்டு லேசரில் அழிக்கலாம் என்றால், 2020 கடைசியிலிருந்து ஜெர்மனியில் அதை மருத்துவர் மட்டுமே செய்யலாம். செலவை நினைத்துக்கொள்ளுங்கள்.

விலையைப் பொறுத்தவரை, 19 சதவீத விற்பனை வரியை நமக்கு மிச்சப்படுத்தும் வாட் படிவத்தைக் கடைக்காரர் ஏற்பாரா என்று தேதி வாங்கும்போதே கேளுங்கள். ஏற்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. படிவத்தைப் பணம் கட்டும் முன்பே எடுத்துவிட வேண்டும்.

தேதி வாங்கும் முன் பயிற்சி அட்டவணையைப் பாருங்கள். தோல் மேலாக ஆறவே இரண்டு மூன்று வாரம் ஆகும். கிராஃபென்வோர், ஹோயன்ஃபெல்ஸ் பயிற்சிக் களங்களுக்குக் கிளம்பும் முந்தைய வாரம் தோளில் போட்டுக்கொண்டால் ரக்சாக் பட்டையும் வியர்வையும் சேர்ந்து பொருக்கை உரித்துவிடும். முழுக்கை வேலை என்றால் பல மாதம் இழுக்கும், இடமாற்றத்துக்கு முன் முடியுமா என்று கேட்டுவிட்டே தொடங்குங்கள். ஆறிய பிறகு குறையைச் சரிசெய்யும் டச்-அப் இலவசமா என்பதையும் எழுதி வாங்குங்கள்.

போட்ட பிறகு இரண்டு நாள் சிவப்பும் லேசான வீக்கமும் சகஜம். சிவப்பு சுற்றிலும் பரவினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ திங்கட்கிழமை வரை பொறுக்காதீர்கள். லாண்ட்ஸ்டூல் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய், மை பாட்டிலின் தொகுதி எண்ணையும் சொல்லுங்கள். அதற்காகத்தான் டாட்டூ போடும் அன்றே அந்த பாட்டிலைப் படமெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.