வேலை மாறும்போது லீஸ் கார்: முதலில் கணக்கைக் கேளுங்கள்

மணலி, எண்ணூர் பக்கம் கம்பெனி லீஸில் (வேலை பார்க்கும் கம்பெனி மூலம் குத்தகைக்கு எடுத்த) கார் ஓட்டுபவர்கள், ராஜினாமா கொடுக்கும் முன்பே ஃபோர்குளோஷர் தொகையை, அதாவது லீஸை இடையிலேயே முடிக்கக் கட்ட வேண்டிய தொகையை, எழுத்தில் வாங்கிவிடுங்கள். மீதித் தவணை, ரெசிடுவல் மதிப்பு (லீஸ் முடிவில் காருக்கு மிஞ்சும் மதிப்பு), அபராதம், ஜி.எஸ்.டி. எல்லாம் தனித்தனியாக இருக்கட்டும். இல்லாவிட்டால் ஃபைனல் செட்டில்மெண்டில் (வேலையை விடும்போது தரும் கடைசிக் கணக்கில்) மொத்தமாகப் பிடித்துவிடுவார்கள், அப்புறம் அலைச்சல்தான். புது கம்பெனி லீஸை ஏற்குமா என்று ஆஃபரை ஒப்புக்கொள்ளும் முன்பே பேசுங்கள். அது அமைந்தால் ரொம்ப நல்லது.

காரை நீங்களே வாங்கினால், பெயர் மாற்ற ஃபாரம் 29, 30; ஆர்.சி.யில் உள்ள லீஸ் குறிப்பை நீக்க ஃபாரம் 35; கூடவே லீஸ் கம்பெனியின் தடையில்லாச் சான்று. ஃபாரம் 35-இல் லீஸ் கம்பெனியின் கையெழுத்தும் முத்திரையும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குக் கிளம்புங்கள். கார் கைமாறிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக்கொடுங்கள்.