போன் மோசடி: அழைப்பை எடுத்த பிறகு நாம் செய்யும் தவறுகள்

போனில் பணத்தைப் பறிகொடுத்தவர் பற்றிச் செய்தி வந்தால் உடனே எழும் பேச்சு, "இவ்வளவு படிச்சவர் எப்படி ஏமாந்தார்?" என்பதுதான். முதல் தவறே இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. நமக்கு விவரம் தெரியும், நம்மிடம் நடக்காது என்று நம்புகிறவர் எந்த முன்னேற்பாடும் செய்துகொள்வதில்லை.

வர்தமான் ஜவுளிக் குழுமத்தின் தலைவர் எஸ்.பி. ஓஸ்வால், 82 வயதில், 2024 ஆகஸ்டில் 7 கோடி ரூபாயை இப்படித்தான் இழந்தார். சிபிஐ அதிகாரிகள் என்று வீடியோ அழைப்பில் வந்தவர்கள் போலியாக ஓர் உச்ச நீதிமன்ற விசாரணையையே நடத்தினார்கள். அன்றைய தலைமை நீதிபதி சந்திரசூட் பெயரில் ஒருவர் பேசினார், உத்தரவு என்று ஒரு தாளும் வந்தது. அவ்வளவு பெரிய நிறுவனத்தை நடத்துகிறவருக்கு ஆலோசனை கேட்க ஆளில்லாமல் இல்லை. ஆனால் யாரிடமும் வாய் திறக்கக் கூடாது என்று மிரட்டி வைத்திருந்தார்கள். மோசடியின் உயிர் அந்த மிரட்டலில்தான் இருக்கிறது. அவர்கள் சொல்லும் கதை எவ்வளவு ஓட்டையாக இருந்தாலும், அதை நாம் தனியாக உட்கார்ந்து கேட்கும்வரை அது வேலை செய்யும்.

அழைப்பு பெரும்பாலும் பதிவு செய்த குரலில் தொடங்கும். "உங்கள் எண் இரண்டு மணி நேரத்தில் துண்டிக்கப்படும், விவரம் அறிய 9-ஐ அழுத்தவும்." இல்லையென்றால் கூரியர் கம்பெனி பெயரில் ஒருவர்: உங்கள் ஆதாரில் அனுப்பிய பார்சல் மும்பையில் பிடிபட்டிருக்கிறது, உள்ளே போதைப்பொருள். தமிழ்நாட்டில் இன்னொரு வகையும் உண்டு: போன மாத மின் கட்டணம் பதிவாகவில்லை, இன்று இரவு 9.30-க்கு கரண்ட் கட், இந்த எண்ணை உடனே அழையுங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் யாருடைய எண்ணையும் துண்டிக்கப் போவதாக அழைப்பதில்லை. மின் கட்டணம் கட்டியாயிற்றா என்பதை மின்வாரியத்தின் செயலியில் நாமே பார்த்துக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் நாம் செய்யும் தவறு, பதில் சொல்லத் தொடங்குவது. "நான் எந்தப் பார்சலும் அனுப்பலையே" என்று நம் பக்க நியாயத்தை எடுத்து வைக்கிறோம். அவர்கள் எதிர்பார்ப்பதும் அதைத்தான். "ஐயோ, அப்படின்னா உங்க ஆதாரை யாரோ தப்பா பயன்படுத்தியிருக்காங்க. நீங்க போலீஸ்ல சொல்றது நல்லது, நானே லைன் போட்டுத் தரேன்" என்பார் அந்த ஆள். நமக்கு உதவுவதுபோல் பேசுகிறவர்தான் நம்மை அடுத்த ஆளிடம் ஒப்படைக்கிறார். அங்கிருந்து வாட்ஸப் வீடியோ, பின்னால் காவல் நிலையம் மாதிரி ஓர் அறை, காக்கிச் சட்டை.

போனை வைப்பது மரியாதைக் குறைவு என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. அதிகாரி என்று ஒருவர் சொன்னால் குரலே இறங்கிவிடும். சந்தேகம் வந்த பிறகும் "சரிங்க சார், அப்புறம் பேசறேன்" என்று முறையாக விடைபெறக் காத்திருக்கிறோம், அதற்குள் அவர்கள் அடுத்த கொக்கியை மாட்டிவிடுகிறார்கள். ஒரு வார்த்தையும் சொல்லாமல் துண்டித்துவிடலாம். முன்பின் தெரியாத குரலுக்கு நாம் விளக்கம் தர வேண்டிய கடமை எதுவும் இல்லை.

இதற்கு நேர் எதிராக, மோசடி என்று தெரிந்தும் "இவனை ஒரு கை பார்க்கிறேன்" என்று பேச்சை வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள். வேண்டாம். எதிரே இருப்பவருக்கு அது முழுநேர வேலை, எந்தப் பதிலுக்கு எந்தக் கேள்வி என்று அவர் கையில் எழுதியே கொடுத்திருப்பார்கள். கம்போடியாவிலும் மியான்மரிலும் இதற்கென்றே மதில் சூழ்ந்த வளாகங்கள் இருக்கின்றன. வெளிநாட்டு வேலை என்று நம்பிப் போய் மியான்மரின் மியாவடியில் சிக்கிய தமிழ்நாட்டு இளைஞர்கள் 2022-ல் மீட்டுக் கொண்டுவரப்பட்டார்கள். இந்தத் தொழிலில் மறுமுனையில் பேசுகிறவரே அடைபட்டுக் கிடக்கும் ஆளாக இருக்கலாம். அவரிடம் சண்டை போட்டு நாம் சாதிக்கப் போவது எதுவும் இல்லை.

அடுத்த தவறு, நம் விவரங்களை அவர்கள் ஒப்பித்ததும் நம்பிவிடுவது. ஆதார் எண், அப்பா பெயர், பழைய முகவரி எல்லாவற்றையும் சரியாகச் சொல்கிறாரே, அப்படியானால் அரசாங்க ஆளாகத்தானே இருக்க வேண்டும் என்று மனம் ஓடுகிறது. சிம் வாங்க, லாட்ஜில் தங்க, கடன் செயலியில் பதிய என்று அந்த விவரங்களை நாமே எத்தனை இடத்தில் கொடுத்திருக்கிறோம்! கசிந்தவை விற்பனைக்குக் கிடைக்கின்றன. மகளிர் உரிமைத் தொகை வரத் தொடங்கிய 2023-ல் அந்தப் பெயரைச் சொல்லி ஓடிபி கேட்டார்கள். பிளஸ் டூ படிக்கும் பிள்ளையின் பெற்றோருக்குக் கல்வி உதவித்தொகை என்று அழைப்பு வரும், பிள்ளையின் பெயரும் பள்ளியும் சரியாக இருக்கும். விவரம் தெரிந்திருப்பதை வைத்து ஆளை நம்பக் கூடாது.

திரையில் தெரியும் பெயரும் அப்படித்தான். அழைப்பவர் பெயரைக் காட்டும் ட்ரூகாலர் செயலியில் "சைபர் கிரைம் போலீஸ்" என்று வந்தால் அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் பதிந்திருக்கலாம். வாட்ஸப்பில் காவல்துறைச் சின்னத்தைப் படமாக வைக்க ஒரு நிமிடம் போதும். வங்கிகள் சேவை அழைப்புகளுக்கு 1600 என்று தொடங்கும் எண்களையும், விளம்பர அழைப்புகளுக்கு 140 எண்களையும் பயன்படுத்த வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025-ல் சொல்லியிருக்கிறது. ஆகவே சாதாரணப் பத்து இலக்க மொபைல் எண்ணிலிருந்து "பேங்க்ல இருந்து பேசறோம்" என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். வங்கியிடம் பேச வேண்டியிருந்தால், ஏடிஎம் கார்டின் பின்பக்கம் அச்சிட்ட எண்ணை நீங்களே அடித்துப் பேசுங்கள். கூகுளில் தேடி முதலில் வரும் கஸ்டமர் கேர் எண்ணை அழைப்பது பெரிய தவறு. போலி எண்களை அங்கே ஏற்றி வைத்துவிட்டு நாம் கூப்பிடுவதற்காகக் காத்திருக்கிறார்கள். நாமே அழைத்தோம் என்பதாலேயே சந்தேகமும் வராது.

இப்போது டிஜிட்டல் அரெஸ்ட், அதாவது வீடியோ அழைப்பிலேயே கைது செய்துவிட்டதாக மிரட்டுவது. இந்தியச் சட்டத்தில் அப்படி ஒன்று கிடையாது. பிரதமரே 2024 அக்டோபர் 27-ஆம் தேதி மனதின் குரல் நிகழ்ச்சியில் இதைப் பற்றி எச்சரித்தார். எந்தப் போலீஸும், சிபிஐயும், அமலாக்கத் துறையும் வீடியோ அழைப்பில் யாரையும் கைது செய்ய முடியாது, கேமராவை அணைக்காதே என்று வீட்டில் உட்கார வைக்க முடியாது. விசாரணைக்கு அழைக்கும் நோட்டீஸைப் போலீஸ் வாட்ஸப்பில் அனுப்புவதை ஏற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் தெளிவாகச் சொன்னது. முத்திரை, கையெழுத்து, வழக்கு எண் எல்லாம் இருக்கும் பிடிஎஃப் வந்தாலும் அது வெறும் படம். உண்மையாகவே வழக்கு இருக்குமோ என்று பயமாக இருந்தால், போனை வைத்துவிட்டு பக்கத்துக் காவல் நிலையத்துக்கு நேரில் போய்க் கேளுங்கள். ஒரு அரை மணி நேரம் செலவாகும், அவ்வளவுதான்.

"உங்கள் பணம் முழுவதையும் சரிபார்ப்புக்காக ரிசர்வ் வங்கிக் கணக்குக்கு மாற்றுங்கள், மூன்று நாளில் திரும்ப வந்துவிடும்" என்பது இந்த நாடகத்தின் கடைசிக் காட்சி. ஃபிக்சட் டெபாசிட்டை உடைக்க வங்கிக்குப் போகும்போது கவுன்டரில் இருப்பவர் "எதுக்கு சார் இவ்வளவு அவசரமா?" என்று கேட்பார். வீடு வாங்குகிறோம், மகள் கல்யாணம் என்று என்ன சொல்ல வேண்டும் என்பதையும் மோசடிக்காரர்களே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அந்தக் கவுன்டரில் சொல்லும் பொய் கடைசி வாய்ப்பையும் மூடிவிடுகிறது. இப்படி விசாரித்து வாடிக்கையாளரின் சேமிப்பைக் காப்பாற்றிய வங்கி ஊழியர்கள் இருக்கிறார்கள். வங்கியில் பொய் சொல்லச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் அவர் திருடர், இதில் சந்தேகமே வேண்டாம்.

மற்ற சில தவறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை. பணம் தருவதாகச் சொல்லிப் பின் போடச் சொன்னால், நம் பணம் போகப் போகிறது என்று அர்த்தம். "தவறி உங்களுக்கு 10,000 அனுப்பிவிட்டேன், திருப்பி அனுப்புங்க" என்று யாராவது அழுதால் வந்த எஸ்எம்எஸ்ஸை நம்பாமல் கணக்கைத் திறந்து பாருங்கள். எனிடெஸ்க் போன்ற செயலியை நிறுவச் சொன்னால், உங்கள் திரையை அவர்கள் பார்க்கப் போகிறார்கள் என்று பொருள். வாட்ஸப்பில் வரும் ஏபிகே கோப்பை, அதாவது செயலியை நிறுவும் கோப்பை, தொடவே வேண்டாம். "இன்னொரு கால் வரும், மெர்ஜ் பண்ணுங்க" என்றால் அந்த இன்னொரு கால் ஓடிபியைக் குரலில் சொல்லும் வங்கியின் அழைப்பாக இருக்கும். *401* போல நட்சத்திரக் குறியில் தொடங்கும் எண்ணை அடிக்கச் சொன்னால், உங்கள் அழைப்புகளை அவர்கள் போனுக்குத் திருப்பிவிடும் வேலை அது. தெரியாமல் அடித்துவிட்டால் ##002# அடியுங்கள், கால் ஃபார்வர்டிங் ரத்தாகும்.

பணம் போன பிறகு செய்யும் தவறு, காத்திருப்பது. வெட்கம், வீட்டில் என்ன சொல்வார்களோ என்ற பயம், அந்த ஆளே திருப்பித் தந்துவிடுவான் என்ற நப்பாசை எல்லாம் சேர்ந்து ஒரு நாள் ஓடிவிடும். போன பணம் ஒரே கணக்கில் உட்கார்ந்திருப்பதில்லை. சில நிமிடங்களில் பத்துப் பதினைந்து கணக்குகளுக்குப் பிரிந்து எங்கோ ஏடிஎம்மில் நோட்டாக வெளியேறிவிடும். சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-ஐ உடனே அழைத்தால், வங்கிகளுக்குத் தகவல் போய், இன்னும் வெளியேறாமல் இருக்கும் தொகையை நிறுத்தி வைக்க முடியும். அழைக்கும்போது எந்த வங்கி, எத்தனை மணிக்கு, எவ்வளவு, பரிவர்த்தனை எண் என்ன என்பதைக் கையில் வைத்திருங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியலாம். அதே நேரத்தில் வங்கியிடமும் சொல்லி ஒப்புகை எண் வாங்குங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கைப்படி, ஓடிபியை நீங்களே கொடுத்திருந்தால் வங்கியிடம் தெரிவிக்கும்வரை நஷ்டம் உங்களுடையது, தெரிவித்த பிறகு போகும் பணத்துக்கு வங்கி பொறுப்பு. ஆகவே ஒவ்வொரு நிமிடத்துக்கும் விலை இருக்கிறது. கோபத்தில் வாட்ஸப் உரையாடலை அழிப்பதும், எண்ணை பிளாக் செய்துவிட்டு எல்லாவற்றையும் மறந்துவிட நினைப்பதும் சாட்சியத்தை நாமே எரிப்பதாகும். பணம் போகாமல் தப்பித்திருந்தாலும் மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உள்ள சக்ஷு பகுதியில் அந்த எண்ணைப் பற்றிச் சொல்லலாம்.

சில நாள் கழித்து இன்னோர் அழைப்பு வரும். "உங்க பணத்தை மீட்டுத் தரோம், ஃபைல் சார்ஜ் மட்டும் கட்டுங்க." ஒரு முறை ஏமாந்தவர்களின் பட்டியலும் விற்கப்படும் பொருள்தான். புகாரைத் தொடர்வதற்குக் காவல்துறை காசு கேட்காது.

கடைசியாகச் சொல்ல வேண்டிய தவறு பறிகொடுத்தவருடையது அல்ல, வீட்டில் இருப்பவர்களுடையது. அப்பா தயங்கித் தயங்கி "ஒரு தப்பு நடந்துபோச்சு" என்று ஆரம்பிக்கும்போது, "எத்தனை தடவை சொன்னேன்?" என்று கத்தினால் அவர் பாதியில் நிறுத்திவிடுவார். இரண்டாவதாக அனுப்பிய தொகையைச் சொல்லவே மாட்டார். ஓஸ்வால் தனக்கு நடந்ததை வெளிப்படையாகச் சொன்னார், போலீஸில் புகார் கொடுத்தார், 5 கோடிக்கு மேல் மீட்கவும் முடிந்தது. நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் அப்படிச் சொல்லும் தைரியம் வர வேண்டுமென்றால், சொன்னால் திட்டு விழாது என்ற நம்பிக்கையை இப்போதே, எதுவும் நடக்கும் முன்பே, நாம் கொடுத்து வைக்க வேண்டும். "அப்பா, போலீஸ்னு யார் கூப்பிட்டாலும் கட் பண்ணிட்டு எனக்குப் போடுங்க, ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் பரவாயில்லை" என்று சொல்லிவிடுங்கள். அவர் போனில் 1930-ஐ "பணம் போனால்" என்ற பெயரில் சேமித்துக் கொடுங்கள். அப்படி ஒரு நாள் அவர் அழைத்தால் முதலில் கேட்க வேண்டியது, எந்த வங்கி, எத்தனை மணிக்கு என்று மட்டும்தான்.