லோயாட்டில் போன் வாங்கும் முன்: எந்த எண்ணை நம்பலாம்?

கோலாலம்பூர் புக்கிட் பிந்தாங்கில், போன்-கணினிக் கடைகள் நிறைந்த லோயாட் பிளாசாவில் இரண்டு போன்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது அட்டையில் உள்ள எண்கள்தான் முதலில் கண்ணில் படும். 108 மெகாபிக்சல் என்றதும் மயங்கிவிடாதீர்கள். அந்த வகை கேமராக்கள் வழக்கமாக ஒன்பது பிக்சல்களை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் படமாகத்தான் தருகின்றன. சென்சாரின் (ஒளியைப் பிடிக்கும் சில்லு) அளவும் மென்பொருளும்தான் தரத்தைத் தீர்மானிக்கும். கடையிலேயே வெளிச்சம் குறைந்த மூலையில் இரண்டிலும் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

"8+8 ஜிபி ரேம்" என்று எழுதியிருந்தால் இன்னும் கவனம். ரேம் என்பது ஆப்கள் ஓடும்போது பயன்படும் தற்காலிக நினைவகம். இரண்டாவது 8 உண்மையான ரேம் அல்ல. சேமிப்பிடத்திலிருந்து கடன் வாங்கியது, வேகமும் குறைவு. என் தங்கை அதை 16 என்றே நம்பி வாங்கினாள், எனக்கு இன்றும் வருத்தம். ஐபோனையும் ஆண்ட்ராய்டையும் ரேம் கணக்கில் ஒப்பிடவே வேண்டாம். 2023-இல் வந்த ஐபோன் 15-இல் 6 ஜிபிதான், ஆனாலும் தடுமாறாமல் ஓடுகிறது.

நான் முதலில் கேட்பது, எத்தனை ஆண்டு அப்டேட் வரும் என்றுதான். 2024-இல் கேலக்ஸி எஸ்24-க்கு 7 ஆண்டு தருவதாக சாம்சங் அறிவித்தது. உள்ளூர் வாரண்டி உள்ள செட்டா என்பதையும் பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.