பிரிஸ்கெட் 70 டிகிரியில் நின்றுவிட்டதா?
ஸ்மோக்கரில் (புகையில் மெதுவாக வேகவைக்கும் அடுப்பில்) வைத்த மாட்டு நெஞ்சுக்கறியின் உள்வெப்பம் 65–75 டிகிரி செல்சியசில் மணிக்கணக்காக நகராமல் நின்றால், கரியை அள்ளிப் போடாதீர்கள். கறியை அலுமினியத் தாளில் இரண்டு சுற்று இறுக்கமாகச் சுற்றித் திரும்ப வையுங்கள். மேற்பரப்பில் கசியும் ஈரம் ஆவியாகி, நமக்கு வியர்வை செய்வதைப் போலவே, கறியைக் குளிர்விக்கிறது. சுற்றிவிட்டால் ஆவியாவது நின்று, கறி இலக்கான 95 டிகிரியைச் சீக்கிரமே தொடும். தாளுக்குள் புகை போகாது, எனவே மீதியை வீட்டு ஓவனில் 120 டிகிரியிலேயே முடிக்கலாம், விறகு மிச்சம்.

மேல்தோடு கருத்து, நகத்தால் சுரண்டினாலும் உரியாத அளவுக்கு இறுகிய பிறகே சுற்றுங்கள். முந்தினால் தோடு ஊறிப் பிசுபிசுக்கும். கோழிக்கு இது வேண்டாம்: 74 டிகிரியிலேயே வெந்துவிடும், சுற்றினால் தோல்தான் தொளதொளத்துப் போகும்.