கப்பல் சுற்றுலா: பணத்தைக் கரைக்கும் தவறுகள்

எங்கள் பக்கத்தில் அறுபதாம் கல்யாணம் முடிந்த கையோடு பிள்ளைகள் பெற்றோரைக் கப்பலில் ஏற்றிவிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. முன்பு காசி, ராமேசுவரம். இப்போது சிங்கப்பூரில் ஏறிப் பினாங்கு, புக்கெட் என்று ஒரு சுற்று. இல்லாவிட்டால் அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போகிற சாக்கில் அலாஸ்கா. காரைக்குடியில் டிக்கெட், விசா வேலை பார்ப்பவன் என்பதால் கிளம்புகிறவர்கள் முகத்தையும் திரும்பி வருகிறவர்கள் முகத்தையும் பார்க்கிறேன். ஒரு வீட்டில் நடந்த தவறு அடுத்த வருடம் பங்காளி வீட்டில் அப்படியே நடக்கிறது. தொப்பி எடு, சார்ஜர் எடு என்று சொல்ல நான் தேவையில்லை. அதற்கு மேலே உள்ளதைச் சொல்கிறேன்.

துறைமுகத்தைப் பார்க்கிறோம், நாட்டைப் பார்ப்பதில்லை

எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிற தவறு இது. கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

தேவகோட்டைப் பக்கம் ஒரு தம்பதி. மகள் குடும்பம் சியாட்டிலில். கோடையில் போனவர்களுக்கு மகள் ஆசையாக அலாஸ்கா கப்பல் பதிவு செய்தாள். சியாட்டிலில் ஏறி, சியாட்டிலிலேயே இறங்குகிற 7 நாள் பயணம். கெட்சிகன், ஜூனோ, ஸ்காக்வே எல்லாமே அமெரிக்கா. பெற்றோரிடம் அமெரிக்க விசிட்டர் விசா இருக்கிறது. அப்புறம் என்ன? பெட்டி, ஸ்வெட்டர், குல்லா எல்லாம் வாங்கிக்கொண்டு ஐந்து பேரும் துறைமுகத்துக்குப் போய்விட்டார்கள். ஆவணம் பார்க்கும் கவுண்டரில் கேள்வி வந்தது: இவர்கள் இருவருடைய கனடா விசா எங்கே?

பயணத் திட்டத்தின் கடைசி மாலை விக்டோரியா என்று போட்டிருந்தது. அது கனடாவில் இருக்கிறது. நிற்பது சில மணி நேரம்தான். ஆனாலும் இந்தியப் பாஸ்போர்ட்டில் போகிறவருக்கு விசா வேண்டும். மகளுக்கும் மருமகனுக்கும் கிரீன் கார்டு. கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் கனடாவுக்கு விசா இல்லாமல் போகலாம். பேரன் அங்கேயே பிறந்தவன், அமெரிக்கக் குடிமகன். விசா தேவைப்பட்டது வயதான இரண்டு பேருக்கு மட்டும். பதிவு செய்தவளுக்குத் தேவைப்படாத ஒன்று அவள் கண்ணில் படாமல் போனதில் ஆச்சரியம் இல்லை.

“நாங்க அந்த ஊர்ல எறங்கவே மாட்டோம்னு சொல்லிப் பாத்தோம் தம்பி, ரூமுக்குள்ளயே இருந்துக்கிறோம்னு சொன்னோம்” என்றார் ஆச்சி, ஊருக்கு வந்த பிறகு. இதே வாதத்தைப் பலரிடம் கேட்டுவிட்டேன். எடுபடாது. நீங்கள் இறங்கினாலும் இறங்காவிட்டாலும் கப்பல் அந்த நாட்டுக்குள் நுழைகிறது, உள்ளே இருக்கிற நீங்களும் நுழைகிறீர்கள். பயணிகள் பட்டியல் அந்த நாட்டு அதிகாரிகளுக்கு முன்கூட்டியே போகிறது. ஆவணம் இல்லாதவரை ஏற்றிச் சென்றால் தொல்லை கப்பல் நிறுவனத்துக்கு. அதனால் ஏறும் இடத்திலேயே தடுத்துவிடுவார்கள். ஆவணக் குறைவால் ஏற முடியாமல் போனால் கட்டிய பணம் திரும்பாது. பயணக் காப்பீடும் பெரும்பாலும் அதற்குக் கைகொடுக்காது. பெற்றோரை விட்டுவிட்டுப் போக மனம் இல்லாமல் மகள் வீட்டாரும் ஏறவில்லை. ஐந்து பேர் பணமும் கடலில் போனது.

வேறு கப்பலில் விக்டோரியா இல்லாமல் பார்த்துக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். அதற்கும் ஒரு காரணம் குறுக்கே நிற்கிறது. அமெரிக்காவில் 1886-ல் போட்ட பயணிகள் கப்பல் சட்டம் ஒன்று இன்னும் நடைமுறையில் இருக்கிறது. வெளிநாட்டில் பதிவான கப்பல் அமெரிக்கத் துறைமுகத்தில் ஆட்களை ஏற்றி, வழியில் வேறு நாட்டைத் தொடாமல், அமெரிக்கத் துறைமுகத்துக்குள்ளேயே சுற்றிக் காட்டக் கூடாது. பெரிய சுற்றுலாக் கப்பல்களில் பெரும்பாலானவை பஹாமாஸ், பனாமா போன்ற நாடுகளில் பதிவானவை. ஆகவே சியாட்டிலில் இருந்து கிளம்பும் இந்தப் பெரிய கப்பல்கள் வழியில் கனடாவைத் தொட்டே ஆக வேண்டும். வான்கூவரில் ஏறினால் சொல்லவே வேண்டாம், கனடாவுக்குள் போய்த்தான் ஏறுகிறீர்கள். கனடா விசாவுக்குக் கைரேகை கொடுக்க வேண்டும், வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரலாம். அமெரிக்கா போய் இறங்கியபின் யோசித்தால் நேரம் பற்றாது. ஊரில் இருக்கும்போதே விண்ணப்பித்துவிட வேண்டும்.

இந்தத் தவறு ஏன் ஓயவில்லை என்பதும் எனக்குத் தெரியும். லாஸ் ஏஞ்சல்ஸில் மகன் உள்ள இன்னொரு வீட்டார் அங்கிருந்து மெக்ஸிகோவுக்குக் கப்பலில் போய் வந்தார்கள். செல்லுபடியாகும் அமெரிக்க விசா கையில் இருந்தால் இந்தியர்களுக்கு மெக்ஸிகோ தனி விசா கேட்பதில்லை. ஒரு சிக்கலும் இல்லாமல் திரும்பினார்கள். ஊருக்கு வந்து கோயில் வாசலில், கல்யாண வீட்டில் எல்லாம் “அமெரிக்க விசா இருந்தாப் போதும்” என்று சொன்னார்கள். மெக்ஸிகோவுக்கு அது உண்மை. கேட்டவர்கள் அதை அலாஸ்காவுக்கும் பொருத்திக்கொண்டார்கள்.

இதே கண்ணி வேறு கடல்களிலும் இருக்கிறது. துபாயில் ஏறி மஸ்கட், தோஹா போய்த் துபாய்க்கே திரும்பும் கப்பலில், ஒரு முறை நுழைவு விசா வைத்திருப்பவர் மஸ்கட்டுக்குக் கிளம்பும்போதே அந்த விசாவைத் தீர்த்துவிடுகிறார். திரும்ப எப்படி நுழைவார்? ஏதென்ஸ் பக்கம் ஏறி, துருக்கியின் குஷாதாசியைத் தொட்டு, மறுபடி கிரேக்கத் தீவுகளுக்கு வருகிற கப்பலுக்கும் அதே கதை. அங்கே பல முறை நுழைவுள்ள ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான விசா, வேண்டும். துருக்கிக்குத் தனியாக வேண்டுமா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஏட்ரியாட்டிக் கடலில் குரோவேஷியா 2023 ஜனவரி முதல் ஷெங்கனுக்குள் வந்துவிட்டது. பக்கத்தில் இருக்கும் மாண்டினீக்ரோ நாட்டின் கோட்டோர் துறைமுகம் ஷெங்கனுக்கு வெளியே இருக்கிறது. வரைபடத்தில் விரல்கடை தூரம்தான்.

சிங்கப்பூரில் ஏறினாலும் கவனம் வேண்டும். மலேசியா 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு விசா விலக்கு தந்திருப்பதால் அந்தப் பக்கம் கவலை குறைவு. ஆனால் கப்பல் திரும்புவது சிங்கப்பூருக்குள் இரண்டாவது நுழைவு. விசாத் தாளில் ஒரு முறையா, பல முறையா என்று படியுங்கள். சிங்கப்பூரின் மின்னணு வருகை அட்டையையும் இரண்டாவது முறை நிரப்ப வேண்டும். ஊரில் இருந்து போகும்போது நிரப்பியது திரும்பி வருவதற்குச் செல்லாது.

எனக்குக் கோபம் அந்த மகள் மேல் இல்லை. டிக்கெட் விற்ற இடத்தில் ஐந்து பேருடைய பாஸ்போர்ட் விவரத்தையும் வாங்கிக்கொண்டார்கள். அதில் இரண்டு பேருக்குக் கனடா விசா வேண்டும் என்று ஒரு வரி சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. ‘ஆவணங்கள் பயணியின் பொறுப்பு’ என்று பொடி எழுத்தில் போட்டால் கடமை முடிந்ததாம். சரி, அவர்களைத் திட்டிப் பணம் வரப்போவதில்லை. ஒரு தாளை எடுத்து, கப்பல் நிற்கும் ஊர்களை வரிசையாக எழுதி, எதிரே நாட்டின் பெயரை எழுதுங்கள். பிறகு ஒவ்வொருவருடைய பாஸ்போர்ட்டுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள்: இந்த நாட்டுக்கு இவருக்கு விசா வேண்டுமா, எத்தனை முறை நுழைகிறார்? ஒரே வீட்டில் மூன்று விதப் பயணிகள் இருப்பது இப்போது நம் பக்கத்தில் சாதாரணம். பணம் கட்டுவதற்கு முன்னால் இதைச் செய்ய வேண்டும்.

கப்பல் கிளம்பும் நாளன்றே விமானத்தில் போய் இறங்குவது

கூடாது. முந்தின நாளே போய்ச் சேருங்கள்.

இனிஷியல்

நம் பக்கத்துப் பெயருக்கு முன்னால் விலாசம் என்று சொல்கிற இனிஷியல் மூன்று நான்கு எழுத்து வரும். பாஸ்போர்ட்டில் அது விரித்து எழுதப்பட்டிருக்கும், அல்லது அப்பா பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்தில் இருக்கும், அல்லது அந்தக் கட்டமே காலியாக இருக்கும். கல்யாணப் பத்திரிகையில் போடுகிற பெயரைக் கப்பல் டிக்கெட்டுக்குச் சொல்லிவிடுகிறார்கள். பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள், வாயால் சொல்லாதீர்கள். குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக உள்ளவர்களுக்கு அமெரிக்க விசாவில், பாஸ்போர்ட்டில் இருக்கிற பெயரையே முதல் பெயர் என்று வைக்காமல் குடும்பப் பெயராக்கி, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யூ (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அடித்திருப்பார்கள். அச்சுப் பிழை என்று பதற வேண்டாம். கப்பல் பதிவில் எப்படிப் போடுவது என்று மட்டும் முன்கூட்டியே நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள்.

பலகார டின்

கைமுறுக்கு, சீப்புச் சீடை, மணகோலம் இல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்ப நமக்கு மனசு வராது. விமானத்தில் கொண்டுபோய்விடலாம். கப்பலில், வீட்டில் செய்த தின்பண்டத்தைப் பெரும்பாலான நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை. தொழிற்சாலையில் ஒட்டிய பாக்கெட் என்றால் விட்டுவிடுவார்கள். ஒரு குடும்பத்தின் இரண்டு டின் சீடை துறைமுக வாசலில் நின்றுபோனது. ஆச்சி இரண்டு நாள் பேசவில்லையாம். சிங்கப்பூரில் உறவினர் வீடு இருந்தால் டின்னை அங்கே கொடுத்துவிட்டுப் போங்கள். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் அதைப் பதிவு செய்யும்போதே எழுத்தில் சொல்லிவிட வேண்டும். ஏறியபின் சொன்னால் சமையல்காரர் என்ன செய்வார்?

கப்பல் காலை உணவில் எடுத்த வாழைப்பழத்தைப் பையில் போட்டுக்கொண்டு கரையில் இறங்குவதும் வேண்டாம். பழம், விதை கொண்டுவருவதற்குச் சில நாடுகள் அபராதம் போடுகின்றன.

இஸ்திரிப் பெட்டி, கெட்டில்

காபித் தண்ணீர் கொதிக்கவைக்க ஒரு கெட்டில், வேட்டி தேய்க்க ஒரு சின்ன இஸ்திரிப் பெட்டி, நான்கு போன் போட ஒரு எக்ஸ்டென்ஷன் பலகை. மூன்றும் பிடிபடும். கடலில் தீக்கு அஞ்சுகிற அளவு வேறு எதற்கும் அஞ்ச மாட்டார்கள். நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு இதை விளக்க எம்.வி. சிதம்பரம் என்று சொன்னால் போதும். சிங்கப்பூருக்கும் சென்னைக்கும் இடையே ஓடிய அந்தக் கப்பலில் 1985-ல் தீப்பிடித்து உயிர்கள் போயின; பயணிகள் கப்பலாக அது அத்தோடு முடிந்தது. பட்டு வேட்டியையும் புடவையையும் கப்பல் சலவையில் கொடுக்கலாம், காசு தனி. கசங்காத துணி எடுத்துப்போவது இன்னும் நல்லது.

மாத்திரையைப் பெரிய பெட்டியில் போடுவது

துறைமுகத்தில் பெட்டியை வாங்கிக்கொள்வார்கள். அது அறை வாசலுக்கு வந்து சேரச் சாயங்காலம் ஆகலாம், இரவும் ஆகலாம். அதுவரை சர்க்கரை மாத்திரையும் இன்சுலினும் கண்ணாடியும் எங்கே இருக்கும்? தோளில் மாட்டுகிற பை ஒன்றில் மருந்து, மருத்துவர் சீட்டு, பாஸ்போர்ட், ஒரு மாற்றுத்துணி.

கடைசி இரவில் இதே கூத்து தலைகீழாக நடக்கும். இரவே பெட்டியை வாசலில் வைத்துவிடச் சொல்வார்கள், அது நேரே கரைக்குப் போய்விடும். சொன்னபடி எல்லாவற்றையும் மடித்துவைத்து, பூட்டி, வெளியே வைத்துவிட்டுப் படுத்த ஒருவர், காலையில் கட்டியிருந்த கைலியோடு சிங்கப்பூர் குடிநுழைவு வரிசையில் நின்றார்.

நகை

வீட்டில் இருக்கட்டும்.

போன்

ஏறியவுடன் விமானப் பயன்முறையில் போடுங்கள். நடுக்கடலில் போன் தானாகப் பிடிப்பது கப்பலின் செயற்கைக்கோள் அலைவரிசையை. அதன் கட்டணம் ஊருக்கு வந்தபின் தெரியும்.

வயிறு புரட்டல்

கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளத்தில் அறை கேளுங்கள், ஆட்டம் குறைவு. பால்கனி வேண்டும் என்று உச்சித் தளத்தில் முன்பக்கமாக எடுத்துவிட்டு எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே நாலு நாளைக் கழித்தவர்கள் உண்டு. மாத்திரையைத் தலை சுற்றுவதற்கு முன்னால் போட வேண்டும்.

கடிகாரமும் தண்ணீர்மலையும்

பினாங்கில் கப்பல் நிற்கிறது என்றாலே நம் ஆட்களுக்குத் தண்ணீர்மலை முருகன்தான். நகரத்தார் கோயிலுக்குப் போகாமல் திரும்பினால் ஊரில் பேச்சு வாங்க வேண்டிவரும். கப்பல் வந்து நிற்பது ஜார்ஜ் டவுனில் ஸ்வெட்டன்ஹாம் துறையில். அங்கிருந்து கோயிலுக்கு டாக்சி பிடிக்க வேண்டும், நடக்கிற தூரம் இல்லை. ‘இரவு 8 மணிக்குக் கிளம்பும்’ என்று போட்டிருந்தால் 8 மணி வரை கரையில் இருக்கலாம் என்று நினைக்கிறார்கள். அதற்கு வெகு முன்னால் எல்லாரும் உள்ளே இருந்தாக வேண்டும். அந்த நேரத்தைத் தனியாக அறிவிப்பார்கள், அதைத்தான் குறித்துக்கொள்ள வேண்டும். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் ஒரே நேரம். புக்கெட் ஒரு மணி நேரம் பின்னால். போன் தானாக மாறிக்கொள்ளும், கப்பல் மாற்றாமல் இருக்கலாம். ஆகவே கையில் ஒரு சாதாரணக் கடிகாரம் கட்டி, கப்பல் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கோயில் நடை மதியம் சாத்திவிடும். கப்பல் மதியத்துக்கு மேல் பினாங்கு சேருகிற பயணம் என்றால், மாலை நடை திறக்கும் நேரத்தையும் கப்பலில் ஏற வேண்டிய கடைசி நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் டிக்கெட் எடுங்கள்.