குடும்பத்தோடு போய்வர ஒரு சின்ன விமானம் வாங்கப் போகிறீர்களா?

டல்லாஸிலிருந்து தெற்கே கடலோரம் இருக்கும் போர்ட் அரான்சஸுக்குக் காரில் போனால், ஆஸ்டின், சான் அன்டோனியோ நெரிசலைத் தாண்டி ஊர் போய்ச் சேர ஏழு மணி நேரம் ஆகிவிடும். வானத்தில் அது சுமார் 300 நாட்டிகல் மைல், அதாவது 555 கிலோமீட்டர்தான். செஸ்னா 182 என்ற நாலு சீட் விமானம் இரண்டரை மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும், ஊருக்குள்ளேயே மஸ்டாங் பீச் என்று ஒரு சின்ன ஏர்போர்ட்டும் இருக்கிறது. அமெரிக்காவில் பொதுமக்கள் இறங்கக்கூடிய ஏர்போர்ட்டுகள் ஏறத்தாழ 5,000. ஏர்லைன்கள் போய்வருவது அதில் 500 அளவுக்குத்தான். மீதி இடங்களுக்கெல்லாம் நாமே பறந்து போகலாம் என்ற ஆசை இங்கே இருக்கும் நம் ஆட்கள் பலருக்கும் வந்திருக்கிறது, என்னிடம் கேட்பவர்களும் நிறைய. அந்த ஆசை நல்ல ஆசை, நிறைவேற்றக்கூடிய ஆசையும்கூட.

ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சின்ன விமானம் குறித்த நேரத்தில் போய்ச் சேர வேண்டிய பயணத்துக்கானது இல்லை. "இன்றைக்கு வேண்டாம்" என்று கடைசி நிமிடத்தில்கூட சொல்ல முடிகிற பயணங்களுக்குத்தான் அது சரிப்படும். எதை வாங்குவது, எவ்வளவு படிப்பது, யாரை ஏற்றுவது எல்லாவற்றையும் இதை மனதில் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் காகித வேலை. நீங்கள் அமெரிக்கக் குடிமகன் இல்லை என்றால், கிரீன் கார்டு இருந்தாலும் சரி எச்1பி என்றாலும் சரி, பயிற்சி தொடங்கும் முன் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பான டி.எஸ்.ஏ.வின் அனுமதி வாங்க வேண்டும். இது தெரியாமல் பயிற்சிப் பள்ளியில் முன்பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பவர்கள் உண்டு. விமானத்தை உங்கள் பெயரில் பதிவு செய்வதற்கும் தனி விதி: தனிநபர் என்றால் குடிமகனாகவோ கிரீன் கார்டு வைத்திருப்பவராகவோ இருக்க வேண்டும். எச்1பியில் இருப்பவர் லைசென்ஸ் வாங்கலாம், வாடகைக்கு எடுத்துப் பறக்கலாம், நேரடியாகத் தன் பெயரில் பதிவு செய்ய முடியாது. நண்பர்கள் சேர்ந்து எல்.எல்.சி. என்ற சிறு நிறுவனம் தொடங்கி வாங்குவதாக இருந்தால், அதில் ஒருவர் குடிமகன் இல்லாவிட்டாலும் சிக்கல் வரலாம். விமானப் பதிவு தெரிந்த வக்கீலிடம் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

அடுத்தது மெடிக்கல், அதாவது உடல்தகுதிச் சான்று. மூன்றாம் வகுப்பு மெடிக்கல் போதும்; 40 வயதுக்குள் எடுத்தால் 60 மாதம் செல்லும், அதற்கு மேல் என்றால் 24 மாதம். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தாலே கதை முடிந்தது என்று நினைக்க வேண்டாம், கட்டுப்பாட்டில் இருப்பதைக் காட்டும் ரிப்போர்ட்டுகள் கேட்பார்கள். ஆனால் விண்ணப்பத்தை அனுப்புவதற்கு முன்பே விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் எஃப்.ஏ.ஏ. அங்கீகரித்த டாக்டரிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள். ஒருமுறை நிராகரிக்கப்பட்டுவிட்டால், இந்த மெடிக்கல் இல்லாமல் பறக்கும் மற்ற வழிகளும் அடைபடும்.

லைசென்ஸுக்குச் சட்டப்படி குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவர்கள் பெரும்பாலும் 40-ல் முடிப்பதில்லை, 60, 70 என்று கணக்குப் போட்டுப் பணத்தை ஒதுக்குங்கள். அது கையில் வந்ததும் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நீண்ட பயணம் கிளம்பிவிடாமல், இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் என்ற அடுத்த படிப்பை உடனே தொடங்குங்கள். மேகத்துக்குள் வெளியே எதுவும் தெரியாதபோது கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் பயிற்சி அது. குடும்பத்தோடு பறக்க நினைப்பவருக்கு அது அவசியம் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

1954-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடந்தது. கருவிப் பயிற்சி இல்லாத 20 பைலட்டுகளை, பக்கத்தில் இன்ஸ்ட்ரக்டரோடு, வெளியே தெரியாதபடி செய்து ஓட்டவிட்டார்கள். இருபது பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 நொடிகளில். மூன்று நிமிடம்கூட இல்லை. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு, விமானம் சாய்ந்து சுழலும்போதும் நேராகப் போவதாகவே சொல்லிக்கொண்டிருக்கும், அதை நம்புகிறவர் தப்ப முடியாது. 1999 ஜூலை 16 இரவு ஜான் எஃப். கென்னடி ஜூனியர் தன் பைப்பர் சாரடோகாவில் மனைவியையும் மனைவியின் அக்காவையும் ஏற்றிக்கொண்டு மார்த்தாஸ் வின்யார்டு தீவுக்குப் புறப்பட்டார். இருட்டு, புகைமூட்டம், கீழே கடல், தொடுவானம் தெரியவில்லை, இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கும் அப்போது அவரிடம் இல்லை. மூவரும் இறந்தார்கள். திசைமயக்கம்தான் காரணம் என்று விசாரணையில் முடிவானது. உறவினர் கல்யாணத்துக்காகப் போன குடும்பப் பயணம் அது. அன்றைக்கு மேகத்துக்குள் போக வேண்டிய அவசியம்கூட இல்லை. தொடுவானம் தெரியாத இருட்டே போதுமானதாக இருந்தது.

சரி, எந்த விமானம்? எல்லோரும் வேகத்தையும் சீட்டையும் கேட்பார்கள். நீங்கள் எடையைக் கேளுங்கள். விமானத்தின் காகிதத்தில் 'யூஸ்ஃபுல் லோட்' என்று ஓர் எண் இருக்கும்: ஆட்கள், பெட்டிகள், பெட்ரோல் மூன்றும் சேர்ந்து அதற்குள் அடங்க வேண்டும். 1970-களின் கடைசியில் வந்த செஸ்னா 172 ஒன்றை எடுத்துக்கொள்வோம். மொத்த எடை 2,300 பவுண்டைத் தாண்டக் கூடாது, அதில் நமக்குக் கிடைப்பது 850 அளவில். ஏவ்கேஸ் என்ற விமானப் பெட்ரோல் ஒரு கேலன் 6 பவுண்டு. 40 கேலன் நிரப்பினால் 240 போய்விடும், மிச்சம் 610. கணவன் 180, மனைவி 145, பன்னிரண்டு வயதுப் பிள்ளை 90, ஒன்பது வயதுப் பிள்ளை 65 என்றால் 480. பெட்டிகளுக்கு நூறு சொச்சம், அடங்கிவிடும். இதுவே ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், பிள்ளைகளை விட்டுவிட்டு அவர்களை ஏற்றிக்கொள்கிறீர்கள் என்றால், நாலு பெரியவர்களே 620-ஐத் தாண்டிவிடுவார்கள், பெட்டியே இல்லாமல். அதோடு பின்னால் பெட்டி வைக்கும் இடத்துக்கும் 120 பவுண்டு என்று வரம்பு உண்டு. நாலு சீட் இருக்கிறதே என்று நாலு பெரியவர்களை ஏற்றினால், பெட்ரோலைக் குறைத்துத்தான் கிளம்ப வேண்டும், வழியில் ஒருமுறை இறங்கி நிரப்ப வேண்டும். அப்படிச் செய்வதில் தப்பே இல்லை. எடையைக் கூட்டிப் பார்க்காமல் கிளம்புவதுதான் தப்பு.

நாலு பேர் குடும்பத்துக்கு என் தேர்வு செஸ்னா 182. அதே குணம், 230 குதிரைத்திறன், தூக்கும் எடை பெரும்பாலும் 1,100 பவுண்டுக்கு மேல், வேகம் மணிக்கு 135 நாட்டிகல் மைல் அளவில். மூன்று பிள்ளைகள், அல்லது தாத்தா பாட்டியும் அடிக்கடி வருவார்கள் என்றால் பைப்பர் செரோகி சிக்ஸ் பாருங்கள். வேகம் அதிகமில்லை, ஆனால் இடமும் தூக்கும் எடையும் தாராளம். பொனான்சா அழகான, வேகமான விமானம். முதல் விமானமாக வேண்டாம், இன்ஷூரன்ஸ்காரர்களும் புதியவரிடம் கூடுதல் பயிற்சி கேட்பார்கள். தாத்தா பாட்டி வருவது வருஷத்துக்கு ஒருமுறை என்றால் அதற்காகப் பெரிய விமானம் வாங்காதீர்கள். அந்த ஒரு பயணத்துக்குக் காரோ டிக்கெட்டோ போதும்.

வாங்கும்போது உங்கள் சார்பாக ஒரு மெக்கானிக்கை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். விற்பவருக்கு வழக்கமாக வேலை செய்யும் மெக்கானிக் அதற்கு வேண்டாம். விமானத்தின் பராமரிப்பு வரலாறு எழுதியிருக்கும் லாக்புக்குகளை முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும். எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பதைவிட, கடைசி சில வருஷங்களில் எவ்வளவு ஓடியது என்பதைப் பாருங்கள். லைகமிங் கம்பெனி எஞ்சின்களில் வால்வுகளை இயக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் மேலே இருக்கிறது. ஓட்டாமல் நிறுத்தி வைத்தால் எண்ணெய் வடிந்து இறங்கி, துரு பிடிக்கத் தொடங்கிவிடும். 300 மணி நேரமே ஓடி ஐந்து வருஷம் ஹேங்கர் என்ற விமானக் கொட்டகையில் தூங்கிய எஞ்சினைவிட, வாரம் தவறாமல் பறந்து 1,200 மணி ஓடிய எஞ்சினை நான் நம்புவேன். கடலோரத்தில் வெட்டவெளியில் நின்ற விமானமா என்று கேளுங்கள், அரிப்பு இருக்கும். செஸ்னாவில் சீட் நகரும் தண்டவாளத்தின் தேய்மானத்தைக் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். மேலே ஏறும்போது சீட் பின்னால் சறுக்கி, கை கன்ட்ரோலை விட்டுப்போய் விபத்துகள் நடந்திருக்கின்றன. கடன் எதுவும் நிலுவையில் இல்லை என்று பதிவேட்டில் தேடிவிட்டு, பணத்தை எஸ்க்ரோ வழியாக, அதாவது விற்பனை முடியும்வரை பணத்தைப் பிடித்து வைத்திருக்கும் மூன்றாவது நிறுவனத்தின் வழியாகக் கொடுங்கள்.

செலவு என்றதும் எல்லோருக்கும் பெட்ரோல்தான் நினைவுக்கு வரும். 182 மணிக்கு 13 கேலன் குடிக்கும், அது பெரிய செலவு இல்லை. ஹேங்கர் வாடகை, இன்ஷூரன்ஸ், வருஷாந்தரப் பரிசோதனை மூன்றும் நீங்கள் பறந்தாலும் பறக்காவிட்டாலும் வரும். அதோடு ஒருநாள் எஞ்சினைப் பிரித்துப் புதுப்பிக்க வேண்டியிருக்கும். உற்பத்தியாளர் பரிந்துரைப்பது மாடலைப் பொறுத்து 1,500-லிருந்து 2,000 மணி நேரம், அதற்குப் பல பத்தாயிரம் டாலர் ஆகும். ஒவ்வொரு மணி நேரப் பறத்தலுக்கும் அதற்கென்று தனியாகப் பணம் எடுத்து வையுங்கள். ஆண்டுக்கு 100 மணி நேரம்கூடப் பறக்க மாட்டீர்கள் என்றால் கணக்குப்படி வாடகையோ ஃபிளையிங் கிளப்போதான் லாபம். ஆனால் வாடகை விமானத்தை மூன்று நாள் பீச்சில் நிறுத்தி வைத்தால் தினமும் இத்தனை மணி நேரத்துக்கு என்று குறைந்தபட்சத் தொகை கேட்பார்கள், வெள்ளிக்கிழமை விமானம் கிடைக்கவும் கிடைக்காது. குடும்பப் பயணக்காரர்கள் சொந்தமாக வாங்குவதற்கு அதுதான் உண்மையான காரணம். இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்குவது நல்ல வழி. தீபாவளி, தேங்க்ஸ்கிவிங் யாருக்கு, யார் விலகினால் பங்கை எப்படிக் கணக்குப் பார்ப்பது என்பதை நட்பு நன்றாக இருக்கும்போதே எழுதிவிடுங்கள். இன்னொன்று: கூட வரும் நண்பர்களிடம் பெட்ரோல், ஏர்போர்ட் கட்டணம் போன்ற நேரடிச் செலவில் அவரவர் பங்கை மட்டும்தான் வாங்கலாம், அதுவும் எல்லோரும் ஒரே காரணத்துக்காகப் போகும் பயணமாக இருக்க வேண்டும். அதற்கு மேல் வாங்கினால் லைசென்ஸே போகும்.

அப்புறம் பயண நாள். கோடையில் காலையிலேயே கிளம்பிவிடுங்கள். மதியத்துக்கு மேல் வெயிலில் காற்று மேலெழுந்து குலுக்கும், பிள்ளைகளுக்கு வாந்தி வரும், டெக்சஸில் இடிமேகமும் அப்போதுதான் கட்டும். கடுமையான இடிமேகத்திலிருந்து குறைந்தது 20 மைல் தள்ளியே போக வேண்டும். டேப்லட்டில் தெரியும் ரேடார் படத்தை நம்பி மேகங்களுக்கு நடுவே சந்து தேடாதீர்கள், அந்தப் படம் 15, 20 நிமிடம் பழையதாகக்கூட இருக்கலாம். பகலில் வெளியே பார்த்து ஓட்டும் பயணத்துக்கு அரை மணி நேரப் பெட்ரோல் மிச்சம் இருந்தால் சட்டத்துக்குப் போதும். பிள்ளைகள் உள்ளே இருக்கும்போது ஒரு மணி நேரத்துக்குக் குறையவே விடாதீர்கள்.

மலைப் பக்கம் போகிறவர்கள் வெயிலையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். நியூ மெக்சிகோவில் சான்டா ஃபே ஏர்போர்ட் 6,300 அடிக்கு மேல் இருக்கிறது. கோடை மதியம் 32 டிகிரி செல்சியஸ் என்றால், சூட்டில் காற்றின் அடர்த்தி குறைந்துவிடுவதால், விமானத்தைப் பொறுத்தவரை அது ஏறத்தாழ 9,900 அடி உயரம். எஞ்சின் சக்தி சுமார் 30 சதவீதம் குறைந்துவிடும், ரன்வே நீளமாகத் தேவைப்படும், ஏறுவது மெதுவாகும். அங்கிருந்து கிளம்புவதும் காலையில்தான்.

விமானத்துக்குள் டாய்லெட் இல்லை. அதனால் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஒரே மூச்சில் திட்டமிடாதீர்கள். பிள்ளைகளுக்கு அவர்கள் அளவிலேயே ஹெட்செட் வாங்குங்கள், அந்தச் சத்தத்தில் காது கெட்டுவிடும். இறங்கும்போது நிமிடத்துக்கு 300, 400 அடி என்று மெதுவாக இறங்கினால் காது வலிக்காது, கைக்குழந்தைக்குப் பாட்டில் கொடுங்கள். சளி பிடித்த பிள்ளையை அன்றைக்கு ஏற்றவே வேண்டாம். இரண்டு வயது ஆகாத குழந்தையை மடியில் வைக்கச் சட்டம் அனுமதிக்கிறது. நான் அனுமதிக்க மாட்டேன், கார் சீட்டில் கட்டுங்கள். எஞ்சின் முழுவதும் நின்ற பிறகுதான் யாரும் ஏறுவதும் இறங்குவதும், சின்னப் பிள்ளைகளின் கையை ஒரு பெரியவர் பிடித்தே இருக்க வேண்டும். அணைந்திருக்கும் புரொப்பல்லரைக்கூட யாரும் தொடக் கூடாது. கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று கட்டாயம் வேண்டும்: இந்த விமானங்களில் ஹீட்டர் சூடு எக்ஸாஸ்ட் குழாயைச் சுற்றித்தான் வருகிறது, அதில் ஒரு விரிசல் விழுந்தால் அந்த விஷவாயு உள்ளே வந்து, வாசனையே இல்லாமல் எல்லோரும் மயங்கிவிடுவார்கள்.

மனைவியோ கணவனோ, பக்கத்து சீட்டில் உட்காருபவருக்குச் சில மணி நேரப் பயிற்சி கொடுங்கள். ரேடியோவில் உதவி கேட்பது, நேராகப் பிடித்து ஓட்டுவது, அவசரத்தில் எப்படியாவது இறக்குவது. இதற்கென்றே சொல்லித்தரும் இன்ஸ்ட்ரக்டர்கள் இருக்கிறார்கள். அதோடு வீட்டில் ஒரு விதி வையுங்கள்: யாருக்கு மனம் ஒப்பவில்லையோ அவர் வேண்டாம் என்று சொன்னால் அன்றைக்குப் பறப்பதில்லை. காரணம் கேட்கக் கூடாது, பிறகு குத்திக்காட்டவும் கூடாது. பத்து வயதுப் பிள்ளை சொன்னாலும் சரி.

தொடக்கத்தில் ஒரு மணி நேரத் தூரத்துக்குள் காலைச் சாப்பாட்டுக்குப் போய் வாருங்கள். அப்புறம் ஒரு இரவு தங்கல். நீண்ட வாரயிறுதிக்குக் கிளம்பும் நாள் வந்ததும், ஹோட்டலைக் கேன்சல் செய்யக்கூடியதாகப் போடுங்கள், வாடகைக் கார் ஒன்றை அந்த ஊரிலிருந்து வீடுவரை ஓட்டிவர எவ்வளவு என்று முன்கூட்டியே விசாரித்து வையுங்கள், ஆபீஸில் திங்கட்கிழமை வர மாட்டேன் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். திங்கள் காலை பிள்ளைக்குப் பரீட்சை இருந்தால் அந்த வாரம் காரிலேயே போய்விட்டு வாருங்கள்.