ஆய்வுச் செய்தியைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்துவதற்கு முன்

2022 ஜூலை கடைசியில் என் சித்தி, மனச்சோர்வுக்காகப் பல வருடங்களாகச் சாப்பிட்டு வந்த மாத்திரையை ஒரே நாளில் நிறுத்திவிட்டார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்த ஒரு செய்திதான் காரணம். மனச்சோர்வுக்கும், மூளையில் செய்தி கடத்தும் ரசாயனமான செரடோனினுக்கும் சம்பந்தமில்லை என்று ஆய்வில் தெரிந்துவிட்டதாகத் தலைப்பு போட்டிருந்தார்கள். மூளையில் செரடோனினைக் கூட்டுகிற மாத்திரை அது என்று சித்தியிடம் முன்பே சொல்லியிருந்தார்கள். சம்பந்தமே இல்லை என்றால் எதற்கு விழுங்க வேண்டும் என்று அவர் யோசித்திருக்கிறார். மூன்றாம் நாளிலிருந்து தலைச்சுற்றல், தூக்கமில்லை, காரணமில்லாமல் அழுகை. எங்களுக்கு விஷயம் தெரியவே ஒரு வாரம் ஆனது.

அந்தச் செய்தியைக் குழுவில் போட்டது நான். தலைப்பைத் தாண்டி நான் ஒரு வரிகூடப் படித்திருக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் மூலக் கட்டுரையைத் தேடிப் படித்தேன். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஜோனா மான்கிரீஃபும் அவருடைய குழுவினரும் 'மாலிக்யூலர் சைக்கியாட்ரி' ஆய்விதழில் வெளியிட்டது. அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து அலசிய கட்டுரை. செரடோனின் குறைவதால்தான் மனச்சோர்வு வருகிறது என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை என்பது அதன் முடிவு. மாத்திரை வேலை செய்கிறதா, இல்லையா என்பதை அந்தக் கட்டுரை எடுத்துக்கொள்ளவே இல்லை. மான்கிரீஃப் இந்த மருந்துகளைக் கடுமையாக விமர்சிப்பவர்தான். ஆனால் அங்கே கேட்ட கேள்வி வேறு.

நோய் எதனால் வருகிறது என்பது ஒரு கேள்வி. மருந்து பலன் தருகிறதா என்பது இன்னொரு கேள்வி. உடம்பில் பாரசிட்டமால் குறைந்ததால் யாருக்கும் தலைவலி வருவதில்லை, ஆனாலும் பாரசிட்டமால் தலைவலியைக் குறைக்கிறது. முதல் கேள்விக்கான பதிலை இரண்டாவது கேள்விக்கான பதிலாக எடுத்துக்கொள்வதுதான் நான் பார்த்ததிலேயே அதிகம் பேர் செய்கிற தவறு. அதிகம் காயப்படுத்துவதும் அதுதான்.

இரண்டாவது கேள்விக்கு வேறு ஆய்வுகள் இருக்கின்றன. 2018இல் 'லான்செட்' இதழில் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ஆண்ட்ரியா சிப்ரியானி குழுவினர் 522 பரிசோதனைகளை, மொத்தம் 1,16,477 பேரின் விவரங்களை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். 21 மனச்சோர்வு மருந்துகளும் மருந்தில்லாத வெறும் மாத்திரையைவிட நன்றாகவே வேலை செய்தன. அதே கட்டுரையில் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயமும் உண்டு. பலன் சராசரியாக மிதமானது, பெரும்பாலான பரிசோதனைகள் இரண்டு மாத அளவுக்கே நடந்தவை. அப்புறம், நீண்ட காலம் சாப்பிடுகிறவர்கள் நிறுத்தினால் என்ன ஆகும்? 2021இல் இங்கிலாந்தில் 478 பேரிடம் நடந்த ஒரு பரிசோதனையின் முடிவு வந்தது. எல்லோரும் நலமாக உணர்ந்து, நிறுத்தலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவர்கள். ஒரு பாதிக்கு மாத்திரை தொடர்ந்தது. மறுபாதிக்கு மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்தினார்கள். ஒரு வருடத்தில் தொடர்ந்தவர்களில் 39 சதவீதம் பேருக்கும், நிறுத்தியவர்களில் 56 சதவீதம் பேருக்கும் மனச்சோர்வு திரும்பியது.

இந்த எண்களை இரண்டு பக்கமும் படிக்க வேண்டும். நிறுத்தினால் ஆபத்து கூடுகிறது என்பது உண்மை. நிறுத்திய 100 பேரில் 44 பேர் ஒரு வருடம் நன்றாக இருந்தார்கள் என்பதும் உண்மை. நிறுத்தவே கூடாது என்றோ, நாளைக்கே நிறுத்தலாம் என்றோ அந்த ஆய்வு சொல்லவில்லை. டாக்டரும் நோயாளியும் உட்கார்ந்து பேச ஒரு கணக்கைக் கொடுத்தது. சித்திக்கு நான் அனுப்பியிருக்க வேண்டியது அதைத்தான்.

சதவீதத்தைப் பார்த்ததும் பயப்படுவது

1995 அக்டோபரில் பிரிட்டனில் மருந்துப் பாதுகாப்புக் குழு ஓர் எச்சரிக்கை விடுத்தது. மூன்றாம் தலைமுறைக் கருத்தடை மாத்திரைகள் ரத்தக்கட்டு ஆபத்தை இரண்டு மடங்காக்குகின்றன என்று. அதாவது 100 சதவீதம் கூடுதல். ஏராளமான பெண்கள் மாத்திரையைக் கைவிட்டார்கள். உண்மையில் 7,000 பெண்களில் ஒருவருக்கு வந்துகொண்டிருந்தது 7,000 பேரில் இருவருக்கு என்று ஆகியிருந்தது, அவ்வளவுதான். அடுத்த வருடம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். கர்ப்பமாக இருக்கும்போது ரத்தக்கட்டு வரும் வாய்ப்பு அந்த மாத்திரையால் வருவதைவிட அதிகம் என்பது இதில் இன்னும் வேதனையான விஷயம்.

இது பயமுறுத்தும் பக்கம். நம்பிக்கை தரும் பக்கத்திலும் இதே வழுக்கல் உண்டு. அல்சைமர் நோய்க்கு லெகனமாப் என்ற மருந்து வந்தபோது, மறதி 27 சதவீதம் மெதுவாகிறது என்று படித்திருப்பீர்கள். 1,795 பேரிடம் 18 மாதம் நடந்த நல்ல பரிசோதனை அது. நோயின் தீவிரத்தை அளந்தது 18 புள்ளி கொண்ட ஓர் அளவுகோலில். மருந்து இல்லாதவர்கள் சராசரியாக 1.66 புள்ளி சரிந்தார்கள், மருந்து எடுத்தவர்கள் 1.21 புள்ளி. வித்தியாசம் 0.45. கூடவே, மருந்து எடுத்தவர்களில் 12.6 சதவீதம் பேருக்கு ஸ்கேனில் மூளை வீக்கம் தெரிந்தது. அப்பாவுக்கு மறதி வந்து திண்டாடும் ஒரு குடும்பத்துக்கு 27 என்ற எண்ணைமட்டும் சொல்வது நியாயமில்லை. 0.45ஐயும் வீக்கத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் அவர்களால் முடிவெடுக்க முடியும். எந்தச் சதவீதத்தைப் பார்த்தாலும், எத்தனையில் எத்தனை என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

தோசைத் திருப்பியும் ஒரு சைபரும்

2024 இறுதியில் கறுப்பு பிளாஸ்டிக் கரண்டி, தோசைத் திருப்பி எல்லாம் விஷம் என்று செய்தி பரவியது நினைவிருக்கும். எங்கள் வீட்டிலும் தூக்கிப் போட்டோம். 'கீமோஸ்பியர்' இதழில் வந்த கட்டுரை அது. டிவி, கம்ப்யூட்டர் பெட்டிகளில் தீப்பிடிக்காமல் இருக்கச் சில ரசாயனங்களைச் சேர்ப்பார்கள். அந்தப் பழைய பிளாஸ்டிக்கை உருக்கித் திரும்பவும் பயன்படுத்தும்போது அவை சமையலறைச் சாமான்களுக்கு வந்துவிடுகின்றன. இதைக் கண்டுபிடித்தது நல்ல வேலை. கணக்கில்தான் தவறு நடந்தது. அந்த ரசாயனங்களில் ஒன்றுக்கு அமெரிக்க அரசு வைத்திருக்கும் வரம்பு ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளைக்கு 7,000 நானோகிராம். 60 கிலோ ஆளுக்கு 7,000ஐ 60ஆல் பெருக்கினால் 4,20,000 வரும். கட்டுரையில் 42,000 என்று இருந்தது. கரண்டிகளால் ஒரு நாளில் உடலில் சேரும் என்று அவர்கள் மதிப்பிட்டது 34,700. 42,000க்குப் பக்கத்தில் வைத்தால் அது வரம்பைத் தொடப்போவதுபோல் தெரியும். 4,20,000க்குப் பக்கத்தில் வைத்தால் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

மாண்ட்ரியல் மெக்கில் பல்கலைக்கழகத்தின் வேதியியல் பேராசிரியர் ஜோ ஷ்வார்ஸ் உட்கார்ந்து பெருக்கிப் பார்த்தார். டிசம்பரில் திருத்தம் வந்தது. தங்கள் பொதுவான முடிவு மாறவில்லை, இந்த ரசாயனங்கள் சமையலறைக்கு வரவே கூடாது என்று கட்டுரையாளர்கள் சொன்னார்கள். அது எனக்கும் சரி என்றே படுகிறது, இரும்புத் திருப்பி வாங்கியதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் முதல் செய்தியை எனக்கு அனுப்பியவர்களில் ஒருவர்கூடத் திருத்தத்தை அனுப்பவில்லை. பரபரப்பாகப் படித்த ஓர் ஆய்வை இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி தேடிப் பார்ப்பதை நான் இப்போது வழக்கமாக்கிக்கொண்டிருக்கிறேன். திருத்தமும் மறுப்பும் அதற்குள் வந்திருக்கும். மூளைத் திசுவில் நுண்பிளாஸ்டிக் என்று 2025 பிப்ரவரியில் வந்த ஆய்வுக்கும் இப்படிக் கேள்விகள் எழுந்தன. திசுவைச் சூடாக்கி, வெளிவரும் பொருள்களை வைத்துப் பிளாஸ்டிக்கை அளக்கிறார்கள். மூளையில் உள்ள கொழுப்பைச் சூடாக்கினாலும் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக் தருவதைப் போன்ற பொருள்களே வரக்கூடும் என்று வேறு விஞ்ஞானிகள் சுட்டிக்காட்டினார்கள்.

சேர்ந்து வந்தால் காரணம் ஆகிவிடாது

உடலில் வைட்டமின் டி குறைவாக உள்ளவர்களிடம் மனச்சோர்வு அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டின. அப்படியானால் வைட்டமின் டி கொடுத்தால் மனச்சோர்வு வராமல் தடுக்கலாமா? அமெரிக்காவில் 50 வயதுக்கு மேற்பட்ட 18,353 பேரை எடுத்து, குலுக்கல் போல இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குத் தினமும் வைட்டமின் டியும் மறுபாதிக்கு வெறும் மாத்திரையும் ஐந்து வருடத்துக்கு மேல் கொடுத்தார்கள். 2020இல் முடிவு வந்தது. மனச்சோர்வில் வித்தியாசம் இல்லை. யோசித்தால் புரியும்: சோர்ந்து போனவர் வீட்டைவிட்டு வெளியே வருவது குறையும், வெயில் படுவதும் குறையும். எது முதலில் வந்தது என்று அந்த ரத்தப் பரிசோதனை சொல்லாது. (எலும்புத் தேய்வுக்கோ வேறு குறைபாட்டுக்கோ டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால் அது வேறு விஷயம், தயவுசெய்து இதைப் படித்துவிட்டு நிறுத்த வேண்டாம்.)

பீட்டா கரோட்டின் கதை இதைவிடக் கடுமையானது. காய்கறி, பழம் நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்பதைப் பார்த்து, அவற்றிலுள்ள பீட்டா கரோட்டினை மாத்திரையாகக் கொடுத்தார்கள். ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்தது. 1994இல் முடிவைப் பார்த்தால், மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக வந்திருந்தது. நல்லது செய்யும் என்று எல்லோரும் நம்பிய ஒன்று.

ஆகவே 2024 மார்ச்சில் இத்தாலிய ஆய்வாளர்கள் கழுத்து ரத்தக்குழாய்க் கொழுப்புப் படிவில் பிளாஸ்டிக் துகள்களைக் கண்டதாக எழுதியபோது நான் நிதானமாகப் படித்தேன். துகள் இருந்த 150 பேரில் 30 பேருக்கு அடுத்த மூன்று வருடத்துக்குள் மாரடைப்போ பக்கவாதமோ மரணமோ நேர்ந்தது. துகள் இல்லாத 107 பேரில் 8 பேருக்கு. கவலைப்பட வேண்டிய வித்தியாசம்தான். பிளாஸ்டிக்தான் காரணம் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். செய்திகளில் அந்த வரி காணாமல் போயிருந்தது.

வேறு சில வழுக்கல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2023 ஜூலையில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பை 2பி பிரிவில், அதாவது புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்ற பிரிவில், சேர்த்தது. அந்தப் பிரிவு, சான்று எவ்வளவு உறுதி என்பதைக் காட்டுவது. ஆபத்து எவ்வளவு பெரிது என்பதை அல்ல. கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய தினசரி வரம்பு அப்படியே தொடர்ந்தது. அதேபோல, 2024ஆம் ஆண்டின் வெப்பம் தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிடச் சுமார் 1.55 டிகிரி அதிகம் என்று உலக வானிலை அமைப்பு சொன்னதும், பாரிஸ் ஒப்பந்தம் தோற்றுவிட்டது, இனி எதுவும் செய்வதற்கில்லை என்று பலர் எழுதினார்கள். ஒப்பந்தத்தின் 1.5 டிகிரி பல ஆண்டுகளின் சராசரியைக் குறிப்பது, ஒரே வருடத்தை அல்ல. இன்னும் தடுக்க முடிகிற ஒவ்வொரு பத்தில் ஒரு டிகிரியும் முக்கியம். எலியிடம் பார்த்ததை மனிதருக்குச் சொல்வது இன்னொன்று. இதில் பத்திரிகைகளை மட்டும் குறை சொல்ல முடியாது. பிரிட்டனின் 20 பல்கலைக்கழகங்கள் வெளியிட்ட 462 செய்திக்குறிப்புகளை ஆராய்ந்து 2014இல் ஒரு கட்டுரை வந்தது. விலங்கு ஆய்வுகளைப் பற்றிய குறிப்புகளில் 36 சதவீதம், மூலக் கட்டுரையைவிட மிகைப்படுத்தி மனிதரோடு முடிச்சுப் போட்டிருந்தன.

எல்லாமே பொய் என்று ஒதுக்குவது

இவ்வளவையும் படித்துவிட்டு, இந்த ஆய்வுக்காரர்கள் இன்றைக்கு ஒன்று சொல்வார்கள், நாளைக்கு ஒன்று சொல்வார்கள் என்று கைகழுவுவதும் தவறுதான். காற்று மாசைப் பற்றி அமெரிக்காவின் ஆறு நகரங்களில் 8,111 பேரைப் பல வருடங்கள் கவனித்து 1993இல் ஒரு கட்டுரை வந்தது. மாசு மிகுந்த நகரத்தில் இறப்பு விகிதம், சுத்தமான நகரத்தைவிட 26 சதவீதம் அதிகம். மக்களைக் குலுக்கிப் போட்டு நகரங்களுக்கு அனுப்ப முடியாது, அதனால் இது வெறும் கவனிப்பு ஆய்வுதான். ஆனால் விவரங்களை வேறொரு குழுவிடம் கொடுத்து முழுக்கத் திரும்பக் கணக்கிட்டார்கள். 2000இல் அவர்களுக்கும் அதே முடிவு கிடைத்தது. பிற நாடுகளின் ஆய்வுகளும் அதே திசையைக் காட்டின. இப்படித் திரும்பத் திரும்ப உரசிப் பார்த்து நிற்கிற ஒன்றை, நேற்று வந்த ஒற்றை ஆய்வோடு ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

நம் ஊரிலேயே இதற்கு ஓர் அருமையான முன்னுதாரணம் உண்டு. 1950களில் காசநோய் வந்தால் சானடோரியத்தில் படுக்க வேண்டும், நல்ல சாப்பாடு, ஓய்வு, காற்றோட்டம் வேண்டும் என்பது உலகம் முழுவதும் இருந்த நம்பிக்கை. சென்னையின் காசநோய் மருந்து சிகிச்சை மையத்தில் 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். பாதிப் பேர் சானடோரியத்தில். மீதிப் பேர் நெரிசலான, வறுமையான தங்கள் வீடுகளிலேயே. இருவருக்கும் ஒரே மாத்திரைகள், ஒரு வருடம். 1959இல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்கள் குறைவாகச் சாப்பிட்டார்கள், வேலைக்கும் போனார்கள், இருந்தும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானார்கள். வீட்டில் இருந்த குழந்தைகளுக்கும் மற்றவர்களுக்கும் நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. அதோடு விட்டுவிடாமல் ஐந்து வருடம் அவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். மற்ற நாடுகள் அதை ஏற்றுக்கொண்டு வீட்டுச் சிகிச்சைக்கு மாறின, சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அந்த மையம்தான் இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

சித்திக்கு டாக்டர் பழைய அளவிலேயே மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்தார். சில வாரங்களில் தூக்கம் வந்தது. ஒன்றரை வருடம் கழித்து, குறைக்கலாமா என்று சித்தியே கேட்டார். 39, 56 என்ற அந்த இரண்டு எண்களையும் நான் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தேன், அதையும் எடுத்துப் போனார். பல மாதங்களாக அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வருகிறார்கள். இப்போது பாதி மாத்திரையில் இருக்கிறார்.